ஆறு கம்பி, ஒரு ஸ்மார்ட்போன்... வாத்தியார் இல்லாத ஊரிலும் கிட்டார் கற்கலாமா?

திருத்தணி மலையைத் தாண்டி ஆந்திர எல்லையை நோக்கிப் போனால் வரும் நெசவு ஊர், பொதட்டூர்பேட்டை. தறி ஓசையோடு வளர்ந்த ஊர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் காவடிப் பாட்டுக்கும் பம்பை, மேளத்துக்கும் பஞ்சமே இருக்காது.

இப்படியொரு ஊரில், பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணுக்கோ, தறிக்கொட்டகையில் வேலை முடித்து வரும் ஓர் இளைஞருக்கோ, ரிட்டயர்டு ஆன ஒரு தாத்தாவுக்கோ திடீரென்று கிட்டார் ஆசை வந்தால் என்ன செய்வது? வகுப்பு தேடினால் பெரும்பாலும் பெரிய நகரத்துக்கு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும். போக ஒரு நேரம், வர ஒரு நேரம், பஸ் செலவு, வகுப்புக் கட்டணம். பலரின் ஆசை இந்தக் கணக்கைப் போட்டவுடனேயே அடங்கிவிடும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு இன்டர்நெட் மலிவானது. 2020 லாக்டவுனில் வகுப்புகளே போனுக்குள் வந்தன. இன்று உலகத்தின் நல்ல கிட்டார் ஆசிரியர்கள் பலர் பைசா செலவில்லாமல் உள்ளங்கையில் பாடம் நடத்துகிறார்கள். அப்படியென்றால் வீதிக்கு ஒரு கிட்டார் கலைஞர் உருவாகியிருக்க வேண்டுமே? ஏன் உருவாகவில்லை?

கட்டிலுக்கு அடியில் போகும் கிட்டார்கள்

புகழ்பெற்ற அமெரிக்க கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்கைச் சொன்னது. புதிதாக கிட்டார் வாங்குபவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் முதல் வருடத்துக்குள் விட்டுவிடுகிறார்கள். அதிலும் பலர் முதல் 3 மாதங்களிலேயே! 2017-ல் அந்த நிறுவனமே 'ஃபெண்டர் பிளே' என்று ஆன்லைன் பாடம் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏன் விடுகிறார்கள்? முதல் காரணம் வலி. உலோகக் கம்பியை அழுத்தினால் விரல் நுனி எரியும். தோல் தடித்துப் பழக இரண்டு, மூன்று வாரமாவது ஆகும். இரண்டாவது, கை சொன்ன பேச்சைக் கேட்காது. ஒரு 'கார்டு' வாசித்து, அடுத்த கார்டுக்கு விரல்களை மாற்றுவதற்குள் பாட்டு ஒரு வரி தாண்டிப் போயிருக்கும். கார்டு என்பது வேறொன்றும் இல்லை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. தனிமை. பாட்டு வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்து தப்பு பண்ணுவார்கள், சிரிப்பார்கள், அடுத்த வாரம் மறுபடியும் வருவார்கள். வீடியோ பார்த்துக் கற்பவர் தப்பு பண்ணும்போது அது தப்பு என்று சொல்லவும் ஆள் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் ஆள் இல்லை. இந்த இடத்தைத்தான் ஆன்லைன் குழுக்கள் நிரப்புகின்றன.

ராஜா படித்த தொலைதூரப் பாடம்

தூரத்திலிருந்து கிட்டார் கற்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் படிப்பைத் தொலைதூர முறையில் முடித்துத் தங்கப் பதக்கம் வாங்கினார். இன்டர்நெட் பாடம் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பாடத்திட்டம் லண்டனிலிருந்து வந்தது. ஆனால், வாசிப்பதைக் கேட்டுத் திருத்த சென்னையில் ஒரு மாஸ்டர் இருந்தார். கூடவே வாசிக்க சக கலைஞர்கள் இருந்தார்கள். பாடம் எங்கிருந்தும் வரலாம், கேட்கும் காது பக்கத்தில் வேண்டும். இன்றைய ஆன்லைன் குழுக்களில் உருப்படியானவை இந்த இரண்டையும் சேர்த்துத் தருகின்றன.

ஒரு நிமிடத்தில் எத்தனை?

இதற்கு நல்ல உதாரணம் 'ஜஸ்டின் கிட்டார்'. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்த ஜஸ்டின் சாண்டர்கோ 2003-ல் தொடங்கியது. அடிப்படைப் பாடங்கள் எல்லாம் இன்றும் இலவசம். பாடத்தோடு கற்பவர்களுக்கான குழுவும் இருக்கிறது. வாசித்ததைப் பதிவு செய்து போடலாம், மற்றவர்கள் கேட்டுக் கருத்து சொல்வார்கள். வீடியோ அழைப்பில் கூடி, ஆளுக்கொரு பாட்டு வாசிக்கும் நிகழ்ச்சிகளும் நடக்கும். அங்கே அறுபது வயதில் கற்க ஆரம்பித்தவரை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை.

அவர் பிரபலமாக்கிய ஒரு பயிற்சி, 'ஒரு நிமிட மாற்றம்'. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். போனில் ஒரு நிமிடம் டைமர் வைத்து, எத்தனை முறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற முடிகிறது என்று எண்ண வேண்டும். முதல் நாள் பத்து வந்தால் போதும். இலக்கு 60. தினமும் எண்ணிக்கையை நோட்டில் குறித்து வந்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். 'எனக்கு வராது' என்ற எண்ணம் மெல்ல மெல்ல விலகும்.

ஆரம்பிப்பவர்களுக்கு நான்கு கார்டு போதும். ஜி, சி, டி, ஈ மைனர். இந்த நான்கை வைத்துக்கொண்டே ஏராளமான பாடல்களை வாசிக்கலாம். பாடுபவரின் சுருதிக்கு ஒத்து வரவில்லையா? கிட்டாரின் கழுத்தில் 'கேப்போ' என்ற கிளிப்பை மாட்டினால் அதே விரல் அமைப்பில் சுருதி உயர்ந்துவிடும்.

சுருதி சேர்க்க இலவச ட்யூனர் ஆப்கள் உள்ளன. தடித்த கம்பியிலிருந்து வரிசையாக இ, ஏ, டி, ஜி, பி, இ. தினமும் வாசிக்கும் முன் இதைச் சரிபார்ப்பது கட்டாயம். சுருதி சேராத கிட்டாரில் சரியாக வாசித்தாலும் தப்பாகத்தான் கேட்கும். கற்பவரோ தன்மீதே பழி போட்டுக்கொள்வார்.

கிட்டாரில் கர்நாடக இசையா?

கிட்டாரின் கழுத்தில் கட்டைகள் இருக்கின்றன. ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் அரைச் சுர இடைவெளி. 12 கட்டை ஏறினால் ஒரு ஸ்தாயி முடியும். நம் இசையின் 12 சுரஸ்தானங்களும் அங்கே வரிசையாக நிற்கின்றன. கஷ்டம் கமகத்தில்தான். சுரங்களுக்கு நடுவே அசையும் அந்தக் குழைவைக் கொண்டுவர கம்பியை வளைக்க வேண்டும், விரலை இழுக்க வேண்டும்.

அதையும் செய்து காட்டியவர், திருத்தணிக்கு அதிகத் தொலைவில்லாத ராணிப்பேட்டையிலிருந்து வந்த கிட்டார் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி-யில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு, அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். கிட்டாரில் முழுக் கர்நாடக இசைக் கச்சேரி செய்கிறவர். ஆஸ்கர் விருது வென்ற 'ஸ்மைல் பிங்கி' ஆவணப் படத்துக்கு இசையமைத்தவரும் அவரே.

பாட்டு எழுதுவது அடுத்த படி

நான்கு கார்டு வந்துவிட்டால் பலருக்கும் அடுத்த ஆசை, சொந்தமாக ஒரு பாட்டு. இங்கேயும் குழுக்கள் கை கொடுக்கின்றன. அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய 'பிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மன்த்' அவற்றில் ஒன்று. பிப்ரவரி மாதத்தின் 28 நாள்களில் 14 பாடல்கள் எழுத வேண்டும். போட்டி கிடையாது, நடுவர் கிடையாது. உலகம் முழுவதும் இருந்து கலந்துகொள்கிறார்கள். எழுதியதைப் பகிர்ந்து, அடுத்தவர் பாட்டைக் கேட்டுக் கருத்து சொல்கிறார்கள். மெட்டு போடத் தெரியாதவர் வரிகள் மட்டும் எழுதலாம், இன்னொரு நாட்டுக்காரர் அதற்கு மெட்டு போடுவதும் நடக்கும்.

இரண்டு நாளைக்கு ஒரு பாட்டு என்றால் நல்ல பாட்டு வருமா? எல்லாமே வராது. அதுதான் அதன் சூட்சுமம். முதல் பாட்டே காவியமாக இருக்க வேண்டும் என்று காத்திருப்பவர் கடைசி வரை எழுதுவதே இல்லை. பதினான்கு எழுதினால் இரண்டாவது தேறும்.

மெட்டு வராமல் தவிப்பவர்களுக்குப் பாட்டுப் பயிற்சியில் சொல்லித் தரும் பழைய உத்தி ஒன்று, தெரிந்த மெட்டுக்குப் புது வரி எழுதிப் பார்ப்பது. இதற்கு முன்னோடியைத் தேடி வெளிநாடு போக வேண்டாம். திருத்தணி மலையிலேயே அந்தக் கதை தொடங்குகிறது.

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையான 'ஸ்ரீநாதாதி குருகுஹோ'வைப் பாடியது திருத்தணியில்தான் என்பது வழிவழியாக வரும் வரலாறு. முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டைப் போட்டதாகச் சொல்வார்கள். ராகம் மாயாமாளவகௌளை. இன்றும் குழந்தைகள் சரளி வரிசை கற்கும் அதே ஆரம்ப ராகம்!

அவர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்தபோது, புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயர் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு கிடைத்தது. அந்த மெட்டுகளுக்கு தீட்சிதர் சம்ஸ்கிருத வரிகள் எழுதினார். 'நோட்டு சுரம்' என்று இன்றும் பாடப்படுபவை அவைதான். சுமார் 40 உருப்படிகள். ஆங்கிலேய ராஜ வாழ்த்துப் பாடலின் மெட்டும் அதில் உண்டு. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதரோ ஐரோப்பிய வயலினைக் கற்று, கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். அன்று அந்நியமாக இருந்த வயலின் இல்லாமல் இன்று கச்சேரியே இல்லை. கிட்டாரைத் தூக்கும் பிள்ளையைப் பார்த்து 'இது நமக்கு எதுக்குப்பா?' என்று கேட்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது.

எதைப் பற்றி எழுதுவது?

இதற்கும் பக்கத்திலேயே விடை இருக்கிறது. அரக்கோணத்தைச் சேர்ந்த பாடலாசிரியர் அறிவு, 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடத் தொடங்கி, 2019-ல் 'தெருக்குரல்' ஆல்பம் தந்தார். 2021 மார்ச்சில் தீயுடன் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகம் சுற்றியது. அந்தப் பாட்டின் வேர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டியின் கதை.

நெசவு ஊரில் கதைக்கா பஞ்சம்? தறி ஓசையே ஒரு தாளம். நூல் விலை ஏறினால் வீட்டில் விழும் மௌனம், கூலி நாளின் கலகலப்பு, அம்மா பேச்சில் தமிழுக்கு நடுவே வந்து விழும் ஒரு தெலுங்குச் சொல்... சென்னைக்காரருக்குத் தெரியாத வரிகள் இவை. சினிமாப் பாட்டு மாதிரி எழுத முயல்வதைவிட, வீட்டில் பேசுகிற மாதிரி எழுதினால் பாட்டுக்குச் சொந்த முகம் கிடைக்கும்.

விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே எப்படிப் பதிவு செய்வது? கரன்ட் போகும் நேரம் ரெக்கார்டிங் நேரம்! போர்வைகள் நிறைந்த அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு, போனை ஒரு முழம் தள்ளி வைத்துப் பதிவு செய்தாலே குழுவில் பகிரும் அளவுக்குத் தெளிவாக இருக்கும்.

சேரும் முன் இதைக் கவனியுங்கள்

* முதல் கிட்டாருக்குப் பெரிய பணம் வேண்டாம். கம்பிக்கும் கழுத்துக்கும் இடையே உயரம் அதிகமாக இருந்தால் விரல் வலி கூடும். வாங்கும்போது வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். நைலான் கம்பி கிட்டார் சிறுவர்களின் விரலுக்கு இதமானது.

* தினம் 15 நிமிடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் 2 மணி நேரம் என்பதைவிட நல்லது.

* விரல் நுனி வலி பழகிவிடும். மணிக்கட்டு வலி வேறு. அது வந்தால் வாசிப்பதை நிறுத்தி, கை வைக்கும் விதத்தைத் திருத்துங்கள். வலி தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள்.

* குழுவில் பதிவைப் போடும்போது 'எப்படி இருக்கு?' என்று கேட்காதீர்கள். 'சி-யிலிருந்து ஜி-க்கு மாறும்போது தாளம் தடுக்கிறதா?' என்று கேளுங்கள். குறிப்பான கேள்விக்குத்தான் குறிப்பான பதில் வரும்.

* ஒரு பதிவு போட்டால், மூன்று பேரின் பதிவைக் கேட்டுக் கருத்து எழுதுங்கள். கேட்கக் கேட்கத்தான் காது பழகும்.

* பிள்ளைகள் சேர்ந்தால் பெற்றோர் கூட இருங்கள். பள்ளி, முகவரி, போன் நம்பர் எதையும் பகிர வேண்டாம். தனியாகப் பேச அழைப்பவர்களிடம் எச்சரிக்கை தேவை.

* 'முப்பதே நாளில் கலைஞர் ஆகலாம்' என்று முன்பணம் கேட்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள். இலவசப் பாடத்தில் 3 மாதம் தாண்டிய பிறகு பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

* தெரிந்த மெட்டில் எழுதிய பயிற்சிப் பாட்டை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். சினிமா மெட்டுகளுக்குக் காப்புரிமை உண்டு. வெளியிடுவதென்றால் சொந்த மெட்டு வேண்டும்.

ஆன்லைன் குழுவால் முடியாத ஒன்றும் இருக்கிறது. கற்பவரின் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைக்க அதனால் முடியாது. அதனால், உள்ளூரில் வாசிப்பவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். சர்ச்சில் கிட்டார் வாசிப்பவராக இருக்கலாம், பேண்டு செட்டில் கீபோர்டு வாசிப்பவராக இருக்கலாம், பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவராகவும் இருக்கலாம். மாதம் ஒருமுறை அவர் பத்து நிமிடம் கேட்டுச் சொன்னால் போதும், போனில் கற்ற பாடம் கைக்கு வந்துவிடும்.