டீக்கடை பெஞ்சில் 'காணவில்லை' பட்டியல்! பாரதிதாசன் வசனம் எழுதிய படம் எங்கே? முத்தியால்பேட்டையில் தேடும் ரசிகர்கள்

புதுச்சேரி:

ஆள் காணாமல் போனால் போலீசில் புகார் கொடுக்கலாம். சைக்கிள் காணாமல் போனாலும் கொடுக்கலாம். ஒரு சினிமா படமே காணாமல் போனால் எந்த ஸ்டேஷனுக்குப் போவது?

முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கம் சாயங்காலம் டீ கிளாசோடு சினிமா பேச்சு ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றி இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கும்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

புதுச்சேரி தியேட்டர் பெயரைச் சொல்லி வழி கேட்கும் ஊர். அஜந்தா சிக்னல், ராஜா தியேட்டர் சிக்னல், முருகா தியேட்டர் சிக்னல் என்றால்தான் ஆட்டோக்காரருக்கே சட்டென்று விளங்கும். இப்படிப்பட்ட ஊரில் யாருடைய ரசனை உசத்தி என்ற சண்டைக்குப் பஞ்சம் உண்டா?

பெஞ்சில் எப்போதும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ஹீரோ முக்கியம், வசூல் முக்கியம். இன்னொரு கட்சி, "நீ பார்க்காத படம் ஒண்ணு சொல்றேன் கேளு" என்று ஆரம்பிக்கும் கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்காரர்களிடம் மாட்டினால் பஸ்சை விட வேண்டியதுதான்.

"தம்பி, 'அந்த நாள்' பார்த்திருக்கியா?"

"பாட்டே கிடையாதாமே அண்ணே, எப்படி உட்காருறது?"

"உட்காந்து பாரு. அப்புறம் எழுந்திரிக்க மாட்டே!"

முக்கால்வாசி நாள் பேச்சு இந்த மாதிரிதான் கிளம்பும்.

சிவாஜி பிணமாகக் கிடக்கும் படம்

'அந்த நாள்' 1954-ல் வந்தது. ஏவி.எம். தயாரிப்பு. இயக்கியவர் வீணை வித்வான் எஸ்.பாலசந்தர். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, சண்டை இல்லை. 1943-ல் சென்னையில் ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில் நடக்கிற கதை. ரேடியோ என்ஜினீயராக வரும் சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துவிடுகிறார்! துப்புத் துலக்க வரும் அதிகாரி ஜாவர் சீதாராமன். திரைக்கதை வசனமும் அவர்தான். விசாரிக்க விசாரிக்க ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள்.

வெளியான சமயத்தில் படம் ஓடவில்லை. பாட்டுக்குக் காசு கொடுத்துப் பழகிய ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு தேசிய விருதில் தமிழுக்கான சான்றிதழ் கிடைத்தது. இன்றைக்கு செல்போனிலேயே பார்க்கலாம். சுட்டது யார் என்பதை மட்டும் பார்க்காதவரிடம் சொல்லக்கூடாது. பெஞ்சில் இது எழுதாத சட்டம்.

வீடு கட்டியவர்கள் பார்க்க வேண்டியது

ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு என்று ஒரு படம் சொல்லச் சொன்னால் பாலு மகேந்திராவின் 'வீடு' முன்னால் வரும். 1988-ல் வெளியானது. மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் சொந்த வீடு கட்ட இறங்குகிறாள். கான்டிராக்டர் தில்லுமுல்லு, சிமெண்டு திருட்டு, பிளான் பாஸ் பண்ணக் கையை நீட்டும் ஆட்கள்... மனை வாங்கி அலைந்தவர்களுக்குப் படம் பார்க்கிற மாதிரி இருக்காது, வயிற்றைப் பிசையும். அர்ச்சனாவுக்கு சிறந்த நடிகைக்கான தேசிய விருது. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் நடித்த மாதிரியே தெரியாது.

இவ்வளவு பேர் வாங்கிய படத்தின் நெகட்டிவ் அழிந்துவிட்டது! பாலு மகேந்திராவே இதை மனம் நொந்து சொல்லியிருக்கிறார். அவர் அடுத்து எடுத்த 'சந்தியா ராகம்' படத்துக்கும் அதே கதி. சென்னையில் படங்களைப் பாதுகாக்க ஒரு காப்பகம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 2014 பிப்ரவரியில் காலமானார். இப்போது நாம் பார்ப்பதெல்லாம் தேய்ந்த பிரதியில் இருந்து எடுத்த காப்பிதான்.

நம்ம ஊர்க் கவிஞர் படம்

முத்தியால்பேட்டைக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு.

பாரதியார் குயில் பாட்டு பாடியது இங்கே இருந்த மாந்தோப்பில்தான் என்று இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் புதுச்சேரியிலேயே பிறந்த பாரதிதாசன் சினிமாவுக்கு எழுதினார் என்றால் பல பேர், "அப்படியா!" என்று வாயைப் பிளக்கிறார்கள்.

அவருடைய 'எதிர்பாராத முத்தம்' காவியத்தை சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் 'பொன்முடி' என்று படமாக்கியது. வசனம் பாரதிதாசன். இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன். தமிழ் தெரியாத அமெரிக்கர்! முத்து வணிகர் வீட்டுக் காதல் கதை. காதல் காட்சிகள் அந்தக் காலத்துக்கு ரொம்ப அதிகம் என்று திட்டும் வாங்கியது. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் ஜோடி. தேடினால் இந்தப் படம் சிக்கும்.

சிக்காதது 'கவி காளமேகம்'. 1940-ல் வந்தது. இதுவும் டங்கன் இயக்கியதுதான், எழுதியவரும் பாரதிதாசன்தான். கதாநாயகன் யார் தெரியுமா? நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை! புதுவைக் கவிஞர் எழுதி, திருவாவடுதுறை வித்வான் நடித்து, அமெரிக்கர் இயக்கிய படம். இந்த ஒரு படத்துக்காக எத்தனை ரூபாய் டிக்கெட் என்றாலும் கொடுக்க ஆள் இருக்கிறது. காட்டுவதற்குத்தான் படம் இல்லை.

வெள்ளிக்காக உருக்கினார்கள்

படங்கள் எப்படி மாயமாகின்றன?

1950 வாக்கில் வரை படச்சுருள் நைட்ரேட்டில் செய்யப்பட்டது. சட்டென்று தீப்பிடிக்கும் சாமான். வைத்திருந்தால் பயம், விற்றால் காசு. பிலிமில் வெள்ளி இருக்கிறது. ஓடி முடித்த பிரதிகளைக் கிலோ கணக்கில் போட்டு வெள்ளியைப் பிரித்து எடுத்தார்கள். தப்பியது புழுக்கத்தில் புளித்த வாடையோடு உருகி ஒட்டிக்கொண்டது. பிற்காலப் படங்களுக்கு வேறு மாதிரி சாவு. லேபில் நெகட்டிவை விட்டுவிட்டு வாடகை கட்டாத தயாரிப்பாளர்கள் பலர். டிஜிட்டல் வந்து லேபுகளே மூடப்பட்டபோது கேட்பாரற்ற பெட்டிகளுக்கு யார் பொறுப்பு?

இந்தியாவில் சுமார் 1,700 மௌனப் படங்கள் எடுத்ததாகக் கணக்கு. முழுசாக மிஞ்சியது பத்தைத் தாண்டாது. முதல் தமிழ் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) கூட இல்லை. டி.பி.ராஜலட்சுமி அதில் தமிழ் பேசினார், நாயகன் தெலுங்கு பேசினார் என்று படித்துத்தான் தெரிந்துகொள்கிறோம்.

கேஸ் போட்டதால் பிழைத்த படம்!

ஒரே ஒரு வேடிக்கை. 1933-ல் நாகர்கோவில்காரர் தயாரித்த 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் திருவனந்தபுரத்தில் வெளியானது. நாவலின் உரிமை தங்களுடையது என்று புத்தக வெளியீட்டாளர் வழக்குப் போட்டார். படப்பெட்டி பறிமுதல்! ஊர் ஊராக ஓடித் தேய வேண்டிய பிரதி, புத்தகக் கம்பெனியிலேயே கிடந்தது. 1974-ல் புனேயில் உள்ள தேசிய திரைப்படக் காப்பகம் அதை மீட்டது. தென்னிந்திய மௌனப் படங்களில் ஏறக்குறைய முழுதாகத் தப்பியது இந்தக் குற்றவாளிதான்.

காசு வரும் என்றால் பாதுகாப்பு தானாக வரும். சிவாஜியின் 'கர்ணன்' 2012-ல் புதுப்பித்து வெளியிட்டபோது நூறு நாள் தாண்டி ஓடியது. ரகுவரன் அறிமுகமான 'ஏழாவது மனிதன்' (1982) படத்துக்கு அந்த யோகம் உண்டா? சிமெண்டு ஆலைப் புகையை எதிர்த்த கதை, பாட்டெல்லாம் பாரதியார். புதுச்சேரியில் போட்டால் கூட்டம் வராதா என்ன! ருத்ரய்யாவின் 'அவள் அப்படித்தான்' (1978), ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை' (1977) எல்லாம் மங்கலான காப்பியாகக் கைமாறிக் கொண்டிருக்கின்றன.

உள்ளூரில் பார்க்க ஒரு வழி, அரசின் செய்தித் துறை திரைப்படச் சங்கத்தோடு சேர்ந்து நடத்தி வரும் இந்தியத் திரைப்பட விழா. பல ஆண்டுகள் அலையன்ஸ் பிரான்சேசில் நடந்திருக்கிறது. டிக்கெட் கிடையாது. அதில் தரும் விருதுக்கு சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். 1922-ல் புதுச்சேரியில் காலமான அந்த நாடக ஆசிரியரின் சமாதி, முத்தியால்பேட்டைக்குப் பக்கத்தில் கருவடிக்குப்பத்தில் இருக்கிறது.

அந்த விழாவில் வருஷத்துக்கு ஒரு பழைய படமாவது சேர்க்க வேண்டும் என்பது பெஞ்சின் கோரிக்கை. முதல் படம் 'பொன்முடி' என்பதில் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை. இரண்டாவது படம் எது என்பதில்தான் டீ ஆறிக்கொண்டிருக்கிறது.