மழைக்கு முன்பே காக்க வேண்டிய வீடும் வளர்ப்பு விலங்கும்

காலம் கடந்து வருவோர்

2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் நேர்ந்ததுபோல வெள்ளம் வீட்டுக்குள் புகும்போது, அரிசியையும் பத்திரங்களையும் பரணில் ஏற்றும் குடும்பங்கள் நாயையும் பூனையையும் கடைசி நேரத்தில்தான் நினைக்கின்றன. தண்ணீர் வடிந்தபின் மருத்துவர்களிடம் இருவகையினர் தாமதமாக வந்து சேர்கின்றனர்: காய்ச்சலைக் கைவைத்தியத்தில் கழித்துவிட்டு, கண் மஞ்சளித்துச் சிறுநீர் குறைந்தபின் வருவோர் ஒருவகை, நாய்க்கடியில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கொண்டு வருவோர் மற்றொருவகை.

எலியோடு முடியாத எலிக்காய்ச்சல்

லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவால் வரும் எலிக்காய்ச்சல் எலியால் மட்டுமே பரவும் என்பது பரவலான தவறு. தொற்றுக்குள்ளான நாய், மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் அக்கிருமி வெளியேறி, தேங்கிய நீரில் கலந்து, பாதத்து வெடிப்பு வழியாகவும் சிறு சிராய்ப்பு வழியாகவும் உடலுக்குள் செல்கிறது. நாய் நோயின்றித் தோன்றுவதால் அது கிருமியைப் பரப்பாது என்று கொள்வதற்கில்லை. கெண்டைக்கால் தசையில் எழும் கடும் வலியைத் தண்ணீரில் நடந்த அலுப்பென்று தைலம் தேய்ப்பதும், கண் சிவப்பைக் கண்ணோய் என்று விடுவதும், மஞ்சள் நிறம் கண்டவுடன் சாதாரணக் காமாலையென முடிவுகட்டிக் கீழாநெல்லி அரைத்துக் குடிப்பதும் சிகிச்சைக்குரிய நாட்களை விழுங்கிவிடுகின்றன. பழைய அட்டையில் மிஞ்சிய இரண்டு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும், கடையில் கேட்டு வாங்கும் வலிநிவாரணியும் இதற்கு மருந்தாகா. நோயால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்தை வலிநிவாரணி மேலும் கெடுக்கும் என்று எத்தனை முறை சொல்லியும் இப்பழக்கம் நின்றபாடில்லை. இரத்தப் பரிசோதனை நோயை உறுதிசெய்யும்.

கடித்தது வீட்டு நாயே ஆனாலும்

மிரண்ட நாய் தூக்கவரும் எசமானரையே கடிக்கும். காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவதே முதலுதவி. மிளகாய்ப்பொடியும் காப்பித்தூளும் காயத்தைப் புண்ணாக்குமேயன்றி ரேபிஸ் வைரசைக் கொல்லா. அறிகுறி தோன்றிய ரேபிசுக்கு மருந்தில்லை என்பதால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று வீட்டிலேயே முடிவெடுக்காமல் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும். இரத்தம் கசிந்த காயத்துக்குத் தடுப்பூசியுடன் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதமும் தேவைப்படும். மனிதருக்கான மாத்திரையை விலங்குக்குக் கொடுப்பதும் கைவைத்தியத்தைப் போன்ற கேடுதான்: பாராசிட்டமால் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடக்கூடும்.

மழைக்கு முன்

நாய்க்கான லெப்டோஸ்பைரா தடுப்பூசியை முதன்முறை சில வார இடைவெளியில் இருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் போடவேண்டியிருப்பதால், அக்டோபர் மழையைக் கண்டபின் கால்நடை மருத்துவரைத் தேடாமல் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். வெள்ளநீரில் இறங்கியே ஆகவேண்டியவர்கள் தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லி மட்டுமே உண்ணுங்கள். ஒரு வாரத்துக்கான சர்க்கரை, இரத்தஅழுத்த மருந்துகள், மருந்துச்சீட்டின் நகல், குளோரின் மாத்திரை, நாயின் தடுப்பூசிப் புத்தகம், வாய்ப்பூட்டு, பூனைக்கூண்டு ஆகியவை நீர் புகாத ஒரே இடத்தில் இருக்கட்டும். நிவாரண முகாமில் விலங்குக்கு இடம் கிடைக்காமல் போகலாம். மேட்டுப்பகுதி உறவினரிடம் இப்போதே கேட்டுவையுங்கள். விட்டுச்செல்வதைத் தவிர வழியில்லை என்னும் நிலையிலும் தயவுசெய்து சங்கிலியைக் கழற்றிவிடுங்கள், கூண்டைத் திறந்துவிடுங்கள். மின்சாரமின்றிக் கைப்பேசி அணைந்துபோகும் என்பதால், ஆம்புலன்சுக்கான 108, கால்நடை அவசர ஊர்திக்கான 1962, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கான 1077 ஆகிய எண்களைத் தாளில் எழுதி அந்தப் பொருள்களுடனேயே வையுங்கள்.