ஆறு ரூபாய் கார்!

முகூர்த்த சீஸனில் காஞ்சிபுரம் காந்தி ரோடு பக்கம் போயிருக்கிறீர்களா? கல்யாணப் புடவை எடுக்க வந்த கார்கள் யானைக்கூட்டம் மாதிரி நிற்கும். பின்னால் காமிரா, பக்கவாட்டில் சென்சார் என்று சகலமும் இருக்கிறது. இருந்தும், கீழே இறங்கி நிற்கிற மச்சான் ஒருத்தர் 'வரலாம்... வரலாம்... ஒடிச்சு வாங்க!' என்று கத்தினால்தான் வண்டி நகர்கிறது!

தப்பு டிரைவருடையது இல்லை ஸார். மாருதி 800-ன் அகலம் 1,440 மில்லிமீட்டர். இன்றைய ஹூண்டாய் க்ரெட்டா 1,790. ஓர் அடிக்கும் மேலே கூடுதல்! சந்துக்குள் அது ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கி நிற்கிற இடம். கார் வளர்ந்த அளவுக்குத் தெரு வளரவில்லை.

பிள்ளையார்பாளையம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வெளிர்நீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சொந்தக்காரர், ஜரிகை வியாபாரத்தை மகனிடம் விட்டுவிட்ட பெரியவர்.

"என்னா தம்பி, இன்ஜினைப் பாக்கணுமா?" என்றவர், இரண்டு பக்கமும் கொக்கியை விடுவித்தார். மட்கார்டு, ஹெட்லைட்டு உட்பட முன்பக்கம் மொத்தத்தையும் தூக்கி முன்னால் சாய்த்தார். அடேயப்பா! முதலை வாயைத் திறந்த மாதிரி இருந்தது. இன்ஜின், ரேடியேட்டர், முன் சக்கரம் எல்லாமே கண்ணுக்கு முன்னால். டயர் மேலேயே ஜம்மென்று உட்கார்ந்து ஸ்பேனர் பிடிக்கலாம்.

என் நண்பனுடைய புதுக் காரிலும் பானெட் திறக்கிறது. உள்ளே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி, அதன்மேல் கம்பெனி பெயர். அவ்வளவுதான் தரிசனம்! மேலே ஏதாவது தெரிய வேண்டுமென்றால் லேப்டாப்பைச் செருகிக் கேட்க வேண்டும். பழைய சின்னக் கார்களின் மீது இத்தனை பேருக்குக் கிறுக்குப் பிடிக்க இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அழகு, ஞாபகம் எல்லாம் அப்புறம். வண்டி தன்னைத் திறந்து காட்டியது.

ஹெரால்டு நம்மூர்ச் சரக்கு என்பது பல பேருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 1959-ல் வந்த கார்; உருவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961 முதல் வண்டலூர் பக்கத்தில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரானது. 948 சி.சி. இன்ஜின். இரண்டு கதவு போதாது என்று இங்கே நாலு கதவு வைத்தார்கள். வெள்ளைக்காரனுக்குக் கூட அந்த நாலு கதவு ஹெரால்டு கிடைக்கவில்லை! 1972-ல் அதன் வாரிசாக கெஸல் வந்தது. 1985-ல் ஆசை பெரிதாகி, ரோவர் காரின் உடம்புக்குள் பழைய வான்கார்டு இன்ஜினை வைத்து 'ஸ்டாண்டர்டு 2000' என்று விட்டார்கள். பட்டுவேட்டிக்குள் கிழிந்த பனியன்! சில வருஷங்களில் கம்பெனி கார் தயாரிப்பையே மூட்டை கட்டியது.

அதற்குள் 796 சி.சி. மாருதி, 1983 டிசம்பரில் வந்து ஊரையே வளைத்துப் போட்டிருந்தது. 1998-ல் காஞ்சிபுரம் போகிற வழியிலேயே, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான். வண்டலூரிலிருந்து ஒரகடம், வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிக்கு வந்தால், மறைந்த காரில் ஆரம்பித்து இன்றைய கார் வரைக்கும் ஒரே ரோட்டில் பார்த்துவிடலாம்.

"ரிப்பேருக்கு என்ன பண்றீங்கய்யா?"

"புதுப்பேட்டைதான். இல்லாத சாமானை லேத்துல கொடுத்துக் கடைஞ்சுக்கறேன். இப்ப தொல்லை பெட்ரோல் தம்பி! அதுல 20 பர்சென்ட் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ் தாங்காது. எல்லாத்தையும் மாத்திட்டேன்."

பி.காம். படித்தவன் கை சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். கார் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருமானவரிக் கணக்கில் காருக்கு இப்போது வருஷத்துக்கு 15 சதவீதம் தேய்மானம். குறைந்த மதிப்பிலிருந்தே மறுபடி கழித்துக்கொண்டு போனால், 50 வருஷம் கழித்து மிச்சம் சுமார் 6 ரூபாய். ஒரு டீ கூட வராது! ஆனால் 20 வயது தாண்டிய காரின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க 2025-ல் நிர்ணயித்த கட்டணம் 10,000 ரூபாய். 50 வயது தாண்டியதை 'வின்டேஜ்' என்று பதிவு செய்ய 2021 விதிப்படி 20,000. அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ரிப்பேர், பெட்ரோல் இதற்கெல்லாம் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போனால் தப்பு. பெட்ரோல் போடப் போனால் சரி!

நம்மை மாதிரி மாதச் சம்பளக்காரர்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒன்றை வாங்குவதற்குமுன் இதையும் கேளுங்கள். சீட் பெல்ட் இங்கே கட்டாயமானதே 1994-ல்தான். முன் சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் என்பது 2022 முதல். நடுவில் 2014-ல் குளோபல் என்காப் என்ற அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களின் ஆரம்ப மாடல்களைச் சுவரில் மோதிப் பார்த்தது. பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம்! அன்றைய புதுக் கார்களுக்கே அந்தக் கதி என்றால் ஹெரால்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். குழந்தைகளோடு ராத்திரி பெங்களூர் ஹைவேயில் போகிறவனுக்கு இது வண்டியே இல்லை. புதுசை வாங்குங்கள். மச்சானையும் கூட்டிப் போங்கள்.

ஊருக்குள் என்றால் கதை வேறு. பெரியவர் என்னை ஒரு ரவுண்டு அழைத்துப் போனார். தெருக்கோடியில் நீளமாகப் பாவு நீட்டி நெசவாளர்கள் இழை சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே போக வழியில்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தார். முன் சக்கரங்கள் அநியாயத்துக்குத் திரும்பின. ரிவர்ஸ் போடாமல், ஒரே வளைவில் வண்டி வந்த வழியைப் பார்த்து நின்றது. 25 அடி இருந்தால் போதுமாம் இதற்கு.

"ஐயா, கணக்குப்படி இது 6 ரூபாய்தான். கொடுத்துடறீங்களா?" என்றேன் இறங்கும்போது.

சிரிக்கவே இல்லை மனுஷர். "தேய்மானத்தை மட்டும் எழுதினியே... போன மாசம் ரேடியேட்டருக்குக் கொடுத்ததை எந்தப் பக்கம் எழுதினே?" என்று கேட்டுவிட்டு, பானெட் கொக்கியை மறுபடி ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.