ஜீவகாருண்யமும் பி12 வைட்டமினும்

ஏழுகிணற்றில் குடியிருந்த நாளில் திருவொற்றியூர்ச் சந்நிதியை நாடி நடந்து வந்த இராமலிங்க அடிகள், புலாலை மறுக்கச் சொன்னதற்கு முதற்காரணமாகக் காட்டியது ஜீவகாருண்யம்; அதை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ இரத்தப் பரிசோதனை வேண்டியதில்லை. ஆனால் இன்று இராயபுரத்துத் திண்ணையிலும் எண்ணூர் ஆலைகளின் இரவு ஷிப்டிலும் கைப்பேசித் திரையில் தோன்றி, மீன் முட்டையோடு பாலையும் விட்டுத் தாவர உணவையே கொள்ளுங்கள் என்று உபதேசிப்பவர்கள், தர்மத்தோடு தேக ஆரோக்கியத்தையும் சேர்த்தே வாக்களிக்கிறார்களாதலால், அந்த இரண்டாம் வாக்குக்குப் பிரமாணம் கேட்க நமக்கு உரிமையுண்டு.

நான் முதலில் கேட்பது பி12 வைட்டமினைப் பற்றி. 1948-ல் பிரித்தெடுக்கப்பட்டதும், நடுவே கோபால்ட் அணுவொன்றைத் தாங்கியதென்று டோரதி ஹாட்ஜ்கின் அம்மையார் எக்ஸ் கதிர்களால் கண்டு சொன்னதுமான இப்பொருளைச் செடிகொடிகள் உண்டாக்குவதில்லை. நுண்ணுயிர்கள் உண்டாக்க, மீன், முட்டை, பால், இறைச்சி வழியே அது நம்மை அடைகிறது. காசிமேட்டு நெத்திலியில் உண்டு. முருங்கைக் கீரையிலும் கேழ்வரகிலும் இல்லை. ஸ்பைருலினா மாத்திரையில் இருக்கிறதே என்பாருக்கு, அதில் பெரும்பகுதி மனித தேகத்துக்குப் பயன்படாத போலி வடிவமென்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 1999-லேயே காட்டிவிட்டார்கள். ஆகவே, பாலையும் விடுவதானால் பி12 மாத்திரையோ அது சேர்த்த உணவோ அவசியமென்று, கேட்காமலே சொல்லும் உபதேசியை மேலும் கேட்பேன். எல்லாம் இயற்கையிலேயே உண்டென்று மழுப்புகிறவரிடம், அவரைப் பின்தொடர்வோர் எத்தனை இலட்சமாயினும், அத்துடன் விடைபெற்றுக்கொள்வேன்.

"இரண்டு வருஷமாக இப்படித்தான் உண்கிறேன், ஒரு குறையுமில்லை" என்னும் அனுபவ சாட்சியமே இவ்விஷயத்தில் மிகவும் மயக்குவது. அவர் பொய் சொல்லவில்லை. ஆயினும் அது எதையும் நிரூபிப்பதில்லை. நாளொன்றுக்கு வேண்டுவது இரண்டரை மைக்ரோகிராம் அளவே. ஈரலில் உள்ள சேமிப்போ சில வருஷங்களுக்குக்கூடத் தாங்குமாகையால், இன்றைய தெம்பு அவர் அன்று குடித்த பாலின் உபயமாக இருக்கலாம். அன்றியும், கீரை பருப்புகளில் நிறைந்த ஃபோலேட், குறைபாட்டின் அடையாளமான இரத்தசோகையை மறைத்துவிடக்கூடுமாதலால், வெளிக்குத் தெரியாமலே நரம்புகள் கெட்டுக்கொண்டிருக்கவும் இடமுண்டு.

முருங்கைப் பொடியின் பெருமையோ வேறு வகை வித்தை. நீர் வற்றிய 100 கிராம் பொடியை, பெரும்பாலும் நீரேயான 100 கிராம் பசுங்கீரையோடும் ஆரஞ்சோடும் ஒப்பிட்டு இத்தனை மடங்கென்று முழங்குகிறார்கள். பொடியை உண்பவர் உண்பது ஒரு கரண்டி, ஆரஞ்சை உண்பவர் உண்பது ஒரு முழுப் பழம். கீரை நல்லதுதான், கணக்குத்தான் நல்லதன்று.

உடல்நல நிபுணரென்று தம்மைக் காட்டிக்கொள்வோர் தம் தகுதியை வெளியிட வேண்டுமென்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. தகுதியுடையவரிடமும் விற்பதற்கொரு டப்பா இருக்கக்கூடும் என்பது என் அபிப்பிராயம்.

இதற்குள் மீனையும் பாலையும் விட்டுச் சில வருஷங்கள் கழித்து, பாதம் மரத்துப்போகிறதென்று ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குச் செல்பவர் எவராயினும், விட்டவற்றை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவாராயின், சர்க்கரை நோயை மாத்திரம் தேடிக் காலங்கழியாமல் பி12 பரிசோதனைக்கும் சீட்டு எழுதப்படும்.