சைனா மடக்குக் கத்தி: பெயரும் தரமும்

வடக்கே குடியேறி வாழும் நம்மவர் காதில் ஒரு தடவையாவது விழுந்திருக்கும் இந்திச் சொலவடை ஒன்று உண்டு. "சலே தோ சாந்த் தக், நஹீ தோ ஷாம் தக்" என்பார்கள். ஓடினால் நிலா வரைக்கும் ஓடும், இல்லாவிட்டால் சாயங்காலத்தோடு சரி என்று அர்த்தம். சைனா சாமான்களைப் பற்றிய நையாண்டி அது. பொம்மை, டார்ச் லைட், குடை என்ற வரிசையில் மடக்குக் கத்திக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நடைபாதைக் கடையில் நூறு, இருநூறு கொடுத்து வாங்கிய கத்தி ரெண்டு மாம்பழம் நறுக்குவதற்குள் மழுங்கிப் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஆனால் அதே சீனாவில் செய்யப்படும் வேறு சில மடக்குக் கத்திகள் அமெரிக்காவில் இருநூறு, முந்நூறு டாலருக்கு விற்கின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் ஏமாளிகள் அல்லர். என்ன எஃகு, எவ்வளவு கடினம், எந்த வகைப் பூட்டு என்றெல்லாம் துருவிக் கேட்டு வாங்குகிறவர்கள். ஒரே நாட்டின் பெயரில் இப்படி இரண்டு தரம் எப்படி வந்தது? பழம் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் கத்தி வாங்கும் நாம் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? மட்டமான மடக்குக் கத்தி நம் விரலின் மேலேயே மடங்கக்கூடியது என்பதால், இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

கத்திக்கென்றே ஓர் ஊர்

சீனாவின் தெற்கே, ஹாங்காங்கை ஒட்டி இருப்பது குவாங்டாங் மாகாணம். அதன் கடற்கரையில் உள்ள யாங்ஜியாங் நகரம் கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பெயர் போனது. நமக்கு அலிகார் என்றால் பூட்டு நினைவுக்கு வருவதுபோல, சீனருக்கு யாங்ஜியாங் என்றால் கத்தி. ஆயிரத்து நானூறு ஆண்டுப் பாரம்பரியம் என்று அவ்வூரார் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். இன்று அலகு, பிடி, திருகு, ஸ்பிரிங் என்று எல்லாப் பாகமும் பக்கத்திலேயே கிடைப்பதால் எந்த விலைக்கும் அங்கே கத்தி செய்து வாங்க முடிகிறது.

'எந்த விலைக்கும்' என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. தையற்காரர் ஒருவரேதான், மல் துணி கொடுத்தால் மல் சட்டை, பட்டுக் கொடுத்தால் பட்டுச் சட்டை. கத்தியும் அப்படித்தான். 'ஒரு டாலருக்குள் முடித்துக் கொடுங்கள்' என்று கேட்கும் வியாபாரிக்கு ஒரு டாலர்க் கத்திதான் கிடைக்கும். எஃகின் வகை, கடினம், பூட்டு உட்காரும் அளவு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்து, செய்து வந்ததைச் சோதித்தும் பார்க்கிறவருக்கு வேறு கத்தி கிடைக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம். கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த இந்நிறுவனம் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கத்தி செய்வதோடு, 'டெனேஷியஸ்' போன்ற விலை குறைந்த மாடல்களைச் சீனாவில் செய்விக்கிறது. அதை மறைப்பதும் இல்லை. அலகிலேயே எஃகின் பெயரும் சீனா என்ற சொல்லும் பொறித்திருக்கும். வாங்கியவர்கள் குறை சொல்லாததோடு, 'இந்த விலைக்கு இதைவிட என்ன வேண்டும்' என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்.

இப்படி அடுத்தவர் பெயருக்குச் செய்து கொடுத்தே தேர்ந்த கைகள் பிறகு சொந்தப் பெயரில் இறங்கின. வீ, கைஸர், ரியேட் போன்ற சீன நிறுவனங்கள் 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் உலகச் சந்தையில் தங்கள் பெயரை நிலைநாட்டின. டைட்டானியம் பிடி, ஆஸ்திரியாவின் போலர் நிறுவனம் தயாரிக்கும் எம்390 போன்ற உயர்ந்த எஃகு, பால் பேரிங் மேல் வழுக்கித் திறக்கும் அலகு என்று அவர்கள் செய்யும் கத்திகளை அமெரிக்கக் கத்திகளோடு ஒப்பிட்டே வாங்குகிறார்கள். வீ நிறுவனமே 'சிவிவி' என்ற பெயரில் நடுத்தர விலையிலும் கத்தி விற்கிறது.

எஃகின் பெயரைப் படிப்பது எப்படி?

சீன எஃகின் பெயர் பார்ப்பதற்குக் கணக்குச் சூத்திரம் மாதிரி இருக்கும். உண்மையில் ரொம்பச் சுலபம். '8சிஆர்13எம்ஓவி' என்று இருந்தால், முதலில் வரும் 8 என்பது கார்பன் சுமார் 0.8 சதவீதம் என்பதைக் குறிக்கும். 'சிஆர்' என்பது குரோமியம். அது சுமார் 13 சதவீதம். கடைசியில் இருப்பவை சிறிதளவு சேர்த்த மாலிப்டினம், வனேடியம். அதேபோல '3சிஆர்13' என்றால் கார்பன் 0.3 சதவீதம்தான்.

கார்பன் கூடினால் எஃகைக் கடினமாக்கலாம், கூர் நிற்கும். குரோமியம் துருவைத் தடுக்கும். நம் வீட்டு எவர்சில்வர் தம்ளரை நினைத்துப் பாருங்கள். துருப்பிடிக்காது, ஆனால் கார்பன் மிக மிகக் குறைவு என்பதால் அதில் கத்தி செய்தால் கூர் நிற்காது. மலிவுக் கத்திகளில் பெரும்பாலும் '3சிஆர்13' போன்ற எஃகுதான் இருக்கும். துருப்பிடிக்காது, சாணை பிடிப்பதும் சுலபம், ஆனால் சீக்கிரம் மழுங்கும். '8சிஆர்13எம்ஓவி' நடுத்தரம், ஜப்பானின் ஏயுஎஸ்-8 எஃகோடு ஒப்பிடத்தக்கது. அதற்கு மேலே '9சிஆர்18எம்ஓவி', ஸ்வீடனில் உருவான '14சி28என்', 'டி2' என்று போகும். இதில் டி2-வில் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் குரோமியம் சற்றுக் குறைவு என்பதால், எலுமிச்சை நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறை பிடிக்கும். மும்பை, சென்னை, கொல்கத்தா போன்ற ஈரக்காற்று ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தோய்ச்சலும் பூட்டும்

எஃகின் பெயர் பாதிக் கதைதான். நம் ஊர்க் கொல்லுப் பட்டறையில் அரிவாளுக்குத் தோய்ச்சல் கொடுப்பதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வித்தைதான் தொழிற்சாலையிலும். எஃகை ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சட்டென்று குளிர்வித்து, மறுபடி மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவார்கள். பதம் குறைந்தால் கூர் மடிந்துபோகும். மிஞ்சினால் பொடிந்து உதிரும். இதை ராக்வெல் என்னும் அளவுகோலால் அளப்பார்கள். '8சிஆர்13எம்ஓவி' எஃகுக்கு 57, 58 அளவில் இருந்தால் நல்ல பதம். செலவைக் குறைக்க நினைக்கும் பட்டறை முதலில் கைவைப்பது இங்கேதான், ஏனென்றால் தோய்ச்சலின் குறை கண்ணுக்குத் தெரியாது. அலகில் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்றோ வெறுமனே '440' என்றோ பொறித்திருந்தால் அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. 440-இல் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. மூன்றுக்கும் கார்பன் அளவு வேறு.

மழுங்கின கத்தியால் எரிச்சல்தான். பூட்டு நழுவும் கத்தியால் காயமே வரும். பழைய பேனாக்கத்தியில் ஸ்பிரிங் மட்டும் உண்டு, பூட்டுக் கிடையாது. ஆகவே அதைப் பிடிக்கிறவர் தாமே ஜாக்கிரதையாக இருப்பார். பூட்டு உள்ள கத்தியை நம்பி நாம் அழுத்துகிறோம். இன்று பரவலாக உள்ளது 'லைனர் லாக்'. பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று, அலகு திறந்ததும் பக்கவாட்டில் நகர்ந்து அதன் அடிப்பகுதியை முட்டுக் கொடுத்து நிறுத்தும். 1980-களில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் செம்மைப்படுத்திய அமைப்பு இது. தகடும் அலகும் தொடும் இடத்தின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் அழுத்தம் வரும்போது தகடு நழுவி, அலகு விரலின் மேல் மடங்கிவிடும். பார்வைக்கு எல்லாக் கத்தியும் ஒன்றுபோலவே இருக்கும். மட்டக் கத்திக்கும் நல்ல கத்திக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்தச் சின்ன இடத்தில்தான் இருக்கிறது.

பெயர் கெட்டதற்குக் காரணம்

சீனக் கத்தியின் பெயர் கெட்டதில் மலிவுக்குப் பாதிப் பங்கு என்றால், போலிக்குப் பாதிப் பங்கு. பிரபல அமெரிக்க, ஸ்விஸ் நிறுவனங்களின் பெயரையும் முத்திரையையும் பொறித்த சீனப் போலிகள் உலகம் முழுக்கச் சந்தைகளில் குவிந்தன. உண்மையான டமாஸ்கஸ் எஃகில் அடுக்கடுக்காக வரும் வரிகளை, சாதா எஃகின் மேல் லேசரால் கீறிக் காட்டுவதும் உண்டு. பெயரைத் திருடாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள். கான்சோ என்ற சீன நிறுவனத்தின் ஆரம்ப மாடல்கள் அமெரிக்காவின் பெஞ்ச்மேட் உள்ளிட்ட நிறுவனங்களின் கத்திகளை அப்படியே ஒத்திருந்ததாகக் கடும் விமர்சனம் எழுந்தது. விலைக்கேற்ற தரம் இருந்தும், 'காப்பி அடிக்கிறவர்கள்' என்ற பழி நல்ல பட்டறைகளின் மேலும் விழுந்தது.

ஆனால் இந்தப் பழியைச் சுமந்த முதல் நாடு சீனா அல்ல. இன்று கத்தி என்றால் உலகமே கையெடுத்துக் கும்பிடும் ஜெர்மனியின் சோலிங்கன் நகரம், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதே கூண்டில் நின்றது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரம்தான் அப்போது கத்திக்குத் தலைநகர். மலிவான ஜெர்மன் கத்திகளில் ஷெஃபீல்ட் பெயரைப் பொறித்து விற்கிறார்கள் என்று ஆங்கிலேயர்கள் குமுறினார்கள். 1876-இல் ஃபிலடெல்ஃபியா பொருட்காட்சியைப் பார்த்த ஃபிரான்ஸ் ரோலோ என்ற ஜெர்மன் பொறியியல் அறிஞரே, தம் நாட்டுச் சரக்கு 'மலிவும் மட்டமும்' என்று எழுதினார். 1887-இல் பிரிட்டன் கொண்டுவந்த வணிகக் குறிச் சட்டத்தால் அயல்நாட்டுப் பொருளில் நாட்டின் பெயரைக் குறிக்க வேண்டியதாயிற்று. 'மேட் இன் ஜெர்மனி' என்பது அப்படி எச்சரிக்கையாகத் தொடங்கிய சொல். ஜெர்மானியர்கள் தரத்தை உயர்த்தினார்கள். எச்சரிக்கையே நற்சான்று ஆனது. 1938-இல் சோலிங்கன் என்ற பெயரையே வேறு ஊரார் பயன்படுத்தக்கூடாது என்று சட்டம் வந்தது. போலி செய்ததாகப் பழி சுமந்த ஊர், தன் பெயரைப் போலியிலிருந்து காக்கவேண்டிய நிலைக்கு வந்துவிட்டது!

ஜப்பானும் இதே வழியில் வந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 'ஜப்பான் சாமான்' என்றால் மட்டம் என்று மேல்நாட்டில் பெயர். ஆனால் பழங்காலம் தொட்டு வாள் அடித்த செகி நகரத்துப் பட்டறைகள் மற்றவர் பெயருக்குச் செய்து கொடுத்தே மேலே வந்தன. ஸ்பைடர்கோவின் முதல் மடக்குக் கத்தி 1981-இல் செகியில் செய்யப்பட்டதுதான். இன்று 'செகி' என்ற பொறிப்பே ஒரு தகுதி. யாங்ஜியாங் இப்போது அந்தப் பாதையில் பாதித் தூரம் வந்திருக்கிறது. தரம் முன்னே போய்விட்டது. பெயர் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது.

வாங்கும்போது

ஆகவே எந்த நாட்டுக் கத்தி என்று கேட்பதோடு நிறுத்தாமல், யார் பெயர் போட்டுப் பொறுப்பேற்கிறார்கள் என்று கேட்பதே புத்திசாலித்தனம். எஃகின் முழுப் பெயரைச் சொல்லாத கத்தி வேண்டாம். பெரிய நிறுவனத்தின் பெயர் பொறித்து இருநூறு ரூபாய்க்குக் கிடைத்தால் அது போலிதான், சந்தேகமே வேண்டாம். திறந்து பிடித்து அலகைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. மூடினால் அலகு பிடியின் நடுவே உட்கார வேண்டும், தகட்டில் உரசக்கூடாது. பூட்டைச் சோதிக்க, விரல்களை அலகு மடங்கும் வழியிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு, அலகின் முதுகைக் கையால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். நழுவினால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தரையில் தட்டிப் பார்ப்பதெல்லாம் வேண்டாம். நல்ல பூட்டும் கெட்டுவிடும்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கின்றன. வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. தில்லியில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பட்டன், ஸ்பிரிங் போன்ற இயந்திர அமைப்பால் திறக்கும் கத்தியில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அல்லது அதற்கு மேலும் இருந்தால், தில்லி நிர்வாகத்தின் 1980-ஆம் ஆண்டு அறிவிக்கையின்கீழ் வழக்குப் போடுகிறார்கள். 'பழம் நறுக்கத்தான் சார் வச்சிருக்கேன்' என்பது போலீஸ் நிலையத்தில் எடுபடாமல் போகலாம். ஆகவே கையால் திறக்கும் சின்னக் கத்தியே குடும்பத்துக்குப் போதும். விமானத்தில் கைப்பையில் எந்தக் கத்தியும் கூடாது. செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

சைனா சாமானை ஏளனம் செய்வது சுலபம். கண்ணை மூடிக்கொண்டு மலிவை வாங்குவது அதைவிடச் சுலபம். இரண்டுமே கத்தியைப் பார்க்காமல் செய்யும் காரியங்கள். அலகில் என்ன எழுதியிருக்கிறது, பூட்டு எப்படி உட்காருகிறது என்று ரெண்டு நிமிஷம் நின்று பார்த்தால் போதும். நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுக்கப் போகிற பொருளுக்கு அந்த ரெண்டு நிமிஷம் ஒன்றும் அதிகமில்லை.