கழிவுநீர்க் கசடு வயலுக்குப் போகும்போது

சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் சாக்கடை நீர் ஓரளவு தெளிந்து ஆற்றுக்கோ கடலுக்கோ போய்விடுகிறது. பிரிந்து தொட்டிகளின் அடியில் படிவது கசடு. மலத்தின் மிச்சம், கொழுப்பு, மண், கழிவைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் எல்லாம் கலந்த கரிய சேறு அது. அதைச் செரிப்பான்களில் நொதிக்கவிட்டு, பிழிந்து, உலர்த்தினால் வயலுக்கு உதவும் பொருள் கிடைக்கிறது.

உலர்ந்த கசட்டில் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் வரை தழைச்சத்து உண்டு. மணிச்சத்தும் கணிசமாக இருக்கும். சாம்பல்சத்து தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடுவதால் மிகக் குறைவு. தழைச்சத்தில் பெரும்பகுதி கரிமப் பொருளோடு பிணைந்திருக்கிறது. மண்ணில் அது மக்க மக்கத்தான் பயிருக்குக் கிடைக்கும். யூரியா போல ஒரு பெருமழையில் கரைந்து ஓடிவிடாது. ஆனால் பயிருக்கு வேண்டிய தழைச்சத்தைக் கணக்கிட்டுக் கசடு இட்டால், தேவைக்கு மேல் மணிச்சத்து நிலத்தில் சேர்ந்துவிடுகிறது. ஆண்டுதோறும் ஒரே வயலில் கொட்டினால் மிகுதியானது மழைநீரோடு ஏரிகளுக்குப் போய்ப் பாசியை வளர்க்கும்.

இந்த உரத்தைப் பெரிய அளவில் வணிகமாக்கிய நகரம் அமெரிக்காவின் மில்வாக்கி. மிச்சிகன் ஏரிக்கரையில் ஜோன்ஸ் தீவிலுள்ள அதன் நிலையம், கசட்டைச் சுழலும் உருளைகளில் சுமார் 500 டிகிரி செல்சியஸ் வெப்பக் காற்றில் உலர்த்தி, சிறு மணிகளாக்கி மூட்டையில் அடைக்கிறது. 1926 முதல் 'மிலோர்கனைட்' என்ற பெயரில் அது விற்பனையாகிறது. முதலில் விரும்பி வாங்கியவை கோல்ஃப் மைதானங்கள். பிறகு வீட்டுப் புல்வெளிகளுக்கும் பரவியது. மற்ற நகரங்கள் இவ்வளவு சிரமப்படவில்லை. நியூயார்க் தன் கசட்டைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது. 1988-ல் வந்த சட்டம் அதைத் தடுத்தது. 1992-ல் கொட்டுவது நின்றது. கடலுக்குப் போனதற்கு நிலத்தில் இடம் தேட வேண்டியதாயிற்று.

அடுத்த ஆண்டே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கசட்டுக்கான விதிகளை வெளியிட்டது. அவை கசட்டை இரு தரமாகப் பிரிக்கின்றன. 'ஏ' தரத்தில் நோய்க்கிருமி அநேகமாக இருக்கக் கூடாது. நீள வரப்பாகக் குவித்துக் கம்போஸ்ட் செய்வதானால், குவியல் 15 நாள் 55 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை கிளறிவிட வேண்டும். குளிர்ந்த வெளிப்புறமும் ஒருமுறை உள்ளே போய் வேக வேண்டும் என்பதற்கே இந்தக் கிளறல். 'பி' தரத்தில் கிருமிகள் குறைந்திருக்கும், ஒழிந்திருக்காது; மிச்சத்தை வெயிலும் காலமும் கொல்லட்டும் என்று விடுகிறார்கள். அதனால் அத்தகைய கசடு இட்ட நிலத்தில் 30 நாளுக்கு மாடு மேய்க்கக் கூடாது. மண்ணைத் தொட்டபடி காய்க்கும் பயிரை 14 மாதம் கழித்தே அறுவடை செய்யலாம். கேரட், உருளைக்கிழங்கு போன்றவற்றுக்கு, கசட்டை உடனே உழுது புதைத்துவிட்டால் 38 மாதம். வெயில் படாத மண்ணுக்குள் குடற்புழு முட்டைகள் அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்கும்.

கிருமியைச் சூடு கொன்றுவிடும். உலோகத்தை எதுவும் கொல்லாது. முலாம் பூசும் பட்டறை, சாயப்பட்டறை, பேட்டரித் தொழிற்கூடம் ஆகியவற்றின் கழிவு பொதுச் சாக்கடையில் கலந்தால், தண்ணீரிலிருந்து நீங்கும் காட்மியமும் ஈயமும் கசட்டில்தான் தங்கும். ஈயம் பெரும்பாலும் மண்ணிலேயே ஒட்டிக்கொள்ளும். காட்மியமோ வேர் வழியே கீரைக்குள் ஏறிவிடும். அமிலத்தன்மையுள்ள மண்ணில் இது இன்னும் அதிகம். இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் பலன் தந்த தீர்வு, தொழிற்சாலை தன் கழிவைத் தன் வாசலிலேயே சுத்திகரித்துத்தான் சாக்கடையில் விட வேண்டும் என்ற கட்டாயம். அதன் பிறகு கசட்டில் உலோக அளவு வெகுவாக இறங்கியது.

ஆனால் விதிகளை எழுதியபோது யாரும் கணக்கில் எடுக்காத ஒரு வேதிப்பொருள் குடும்பம் இருந்தது. பிஎஃப்ஏஎஸ் எனப்படும் அவை ஒட்டாத வாணலி, எண்ணெய் ஊறாத காகிதம், தீயணைப்பு நுரை ஆகியவற்றில் பயன்பட்டவை. கார்பனும் ஃபுளோரினும் இறுகப் பிணைந்தவை என்பதால் செரிப்பானிலும் கம்போஸ்ட் குவியலிலும் சிதைவதில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பல பத்தாண்டுகளாக நகரக் கசடும் காகித ஆலைக் கசடும் அரசின் அனுமதியோடு வயல்களில் இடப்பட்டன. 2016-ல் ஒரு பால் பண்ணையில் சோதித்தபோது பாலிலேயே அந்த வேதிப்பொருள் இருந்தது. கசட்டிலிருந்து மண்ணுக்கும், புல்லுக்கும், மாட்டுக்கும் அது நகர்ந்திருந்தது. அடுத்தடுத்துப் பல பண்ணைகளில் கிணற்று நீரும் கெட்டிருப்பது தெரியவந்தது. அரசு சொன்னதை நம்பி நிலத்துக்கு நல்லது என்று இட்ட உழவர்கள் தொழிலையே இழந்தது பெரும் அநீதி. 2022-ல் மெய்ன், நிலத்தில் கசடு இடுவதை முற்றிலும் தடைசெய்தது. அமெரிக்காவில் இதைச் செய்த முதல் மாநிலம் அது. பாதிக்கப்பட்டவர்களுக்காக 6 கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது. தடையோடு சிக்கல் தீரவில்லை. குப்பைமேடு ஈரக் கசட்டைத் தாங்க முடியாமல் திணற, 2023-ல் ஒரு பகுதியைக் கனடாவுக்கு லாரியில் அனுப்ப நேர்ந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட வரைவு மதிப்பீடு, ஒரு கிலோ கசட்டில் இந்தக் குடும்பத்து வேதிப்பொருள் சில ஒரு மைக்ரோகிராம் இருந்தாலே பண்ணையில் வாழ்வோருக்கு ஆபத்து வரம்பைத் தாண்டலாம் என்றது.

சுவிட்சர்லாந்து முன்பே வயலில் கசடு இடுவதை நிறுத்தி, எரிக்கும் வழிக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் பெரிய நிலையங்கள் 2029 முதல் கசட்டிலிருந்தோ அதன் சாம்பலிலிருந்தோ மணிச்சத்தை மீட்டாக வேண்டும்.

இந்தியாவில் அகமதாபாத் மாநகராட்சி, பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தில் நாளொன்றுக்கு 100 டன் உலர்ந்த கசட்டைக் கையாளும் நிலையத்தை 2019-ல் தொடங்கியது. கோபால்ட்-60 வெளிவிடும் காமா கதிர்கள் கிருமிகளைக் கொல்கின்றன. பிறகு பயிருக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்களைச் சேர்க்கிறார்கள். கதிர்வீச்சு உலோகத்தைத் தொடாது. இந்திய உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியத்தையே அனுமதிக்கிறது. அமெரிக்க விதியில் கசட்டுக்கான உச்சவரம்பு 85. இந்தியாவின் இறுக்கமான அளவை எட்ட வேண்டுமானால் தொழிற்சாலைக் கழிவும் வீட்டுச் சாக்கடையும் வெவ்வேறு குழாயில் ஓடியாக வேண்டும்.