விண்ணப்பமும் ஐயமும்

உளவியலிற் பட்டமேற்படிப்பை நாடும் யாழ்ப்பாணத்து மாணவர் சிலர், விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் வேளையிலேயே மனந்தளர்ந்துவிடுகின்றனர். இடங்களோ சில, நாடுவோரோ பலர். “வடமராட்சிக் கிராமத்துப் பாடசாலையிற் படித்த நமக்கு இது எட்டுமா?” என்ற ஐயம் எழுதும் கையைத் தடுக்கிறது.

நேயர்களே, இவ்வையத்தை உளவியலே ஆராய்ந்திருக்கிறது. கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய பெண்கள் பலர், தம் வெற்றி தகுதியால் வந்ததென நம்பாது, பிறரை ஏமாற்றிவிட்டதாகவே எண்ணி அஞ்சியதை, 1978இல் போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் எடுத்துக்காட்டினர். ஆகவே, ஐயம் தகுதியின்மைக்குச் சான்றாகாது.

அவ்வாறாயின் தன்னம்பிக்கை எவ்வாறு பிறக்கும்? 1977இல் அல்பேட் பண்டூரா நான்கு ஊற்றுக்களைக் கூறினார். தாமே செய்து முடித்த செயல், தம்மையொத்தோர் செய்துகாட்டியது, பிறரின் ஊக்கமொழி, உடலின் பதற்றத்தை நாம் கொள்ளும் விதம் என்பன அவை. முதலாவதே வலிமை மிக்கது. பண்டூராவும் கனடாவின் மண்டேர் என்னுஞ் சிற்றூரில், ஈராசிரியர் பாடசாலையிற் பயின்றவரே.

ஆதலால், மாணவர் தாம் முடித்த ஆய்வையும் பணியையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். முன்னர் தெரிவானவரை வினவட்டும். வரைவை ஆசிரியரிடம் காட்டித் திருத்தட்டும். நெஞ்சு படபடப்பதைத் தோல்வியின் அறிகுறியாகக் கொள்ளாதிருக்கட்டும்.

2009இல் போர் ஓய்ந்தபின்னும் ஆறாத மனப்புண்களைத் தாய்மொழியிற் கேட்டு ஆற்றுவோர் இம்மண்ணுக்கு வேண்டும். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தை அடுத்த ஆண்டு திருத்தி அனுப்பலாம். அனுப்பாத விண்ணப்பத்தால் எவருக்கும் பயனில்லை.